தீட்டாமல் விட்ட கொக்கு

பறவைகளை வரைவதற்காக விடிவதற்குள் கழிமுகக் கரையை அடைந்துவிட்டேன். கடல்நீரின் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் என்பதாலும், அவை நிகழும் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதாலும், ஓத அட்டவணையைப் பார்த்தே பயண நாளைக் குறித்திருந்தேன். நீர் வற்றிச் சேறு வெளிப்பட்டால்தான் கரைப்பறவைகள் இரைதேட இறங்கும்.

முதலில் கண்ணில் பட்டவை நெடுங்கால் உள்ளான்கள். அவற்றின் சிவந்த கால்கள் பின்பக்கமாக மடங்கும் இடத்தை முழங்கால் என்று எண்ணி நான் கெடுத்த தாள்கள் பல. அது கணுக்கால், முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. இது தெரிந்த பிறகுதான் நான் வரைந்த உள்ளான்கள் விழாமல் நிற்கத் தொடங்கின.

ஆனால் நான் தேடிப் போனது சின்னக் கொக்கை. நீர்வண்ண ஓவியத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். குழாயில் வெள்ளை வண்ணம் கிடைக்கிறது என்றாலும், சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடுவதால் நான் அதைத் தொடுவதில்லை. ஆகவே கொக்கை வரைவதென்றால், கொக்கை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள சேற்றைத் தீட்டுவதுதான். அந்தச் சேறோ ஒரே நிறத்தில் இருப்பதில்லை. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்தால் நல்ல சாம்பல் நிறம் வரும். அதில் நீலம் சற்றுக் கூடினால் வானம் படிந்த ஈரச்சேறு, செம்பழுப்பு கூடினால் காய்ந்து வெடித்த திட்டு.

கொக்கு ஒரு காலை முன்னே நீட்டி, நீருக்கடியில் பாதத்தை நடுக்கிச் சேற்றைக் கலக்கியது. கரிய காலின் முனையில் இருந்த மஞ்சள் பாதம் கலங்கலில் தோன்றித் தோன்றி மறைந்தது. மிரண்டு வெளிவந்த ஏதோ ஒன்றை அலகு கொத்திய வேகத்தில், என் பென்சில் கோடு பாதியிலேயே நின்றுபோனது.

அந்தப் பரபரப்பில் முழங்கை பட்டு, கொண்டுபோயிருந்த நன்னீர்ப் புட்டியும் கவிழ்ந்தது. வேறு வழியின்றிக் கழிமுகத்து நீரிலேயே தூரிகையை நனைத்து மீதிச் சேற்றைத் தீட்டி முடித்தபோது, ஓதம் ஏறி, நான் பார்த்து வரைந்த திட்டு மூழ்கியிருந்தது.

வீடு திரும்பிப் பல வாரங்கள் ஆகின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். எனினும், மழை நாளில் அந்த ஓவியத்தின் சேற்றுப் பகுதியைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பு தட்டுகிறது. கொக்கு இருக்குமிடம் மட்டும் உலர்ந்திருக்கிறது.