அமெரிக்காவுல குழந்தைங்க ஏன் இன்னும் ஏழையா இருக்காங்க

அமெரிக்கால ஒருத்தன் ஏழையா இருந்தா அது அவனோட சோம்பேறித்தனம்தான்னு நம்மாளுங்க நிறைய பேரு ரொம்ப ஈஸியா சொல்லிடறாங்க, எனக்கு அதை கேட்டாலே கோவம் வருது. அங்க மத்திய அரசு வச்ச குறைந்தபட்ச கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலைல ஏத்தினது, அதுக்கப்புறம் ஒரு சென்ட் ஏறல. பல மாநிலங்கள் தனியா இதவிட அதிகமா வச்சிருக்கு, உண்மைதான், ஆனா மிசிசிப்பி, அலபாமா மாதிரி இடத்துல இன்னிக்கும் இதேதான். லீவே போடாம வாரம் 40 மணி நேரம் வருஷம் பூரா உழைச்சா 15,080 டாலர் வரும். ஒரு அம்மா ரெண்டு குழந்தைன்னா 2024ல அரசாங்கமே போட்ட வறுமைக்கோடு 25,820. முழுநேரம் வேலை பாத்தும் கோட்டுக்கு 10,000 டாலர் கீழ, இதுல சோம்பேறித்தனம் எங்க இருந்து வந்துச்சு?

வாடகை உதவி இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா தகுதி உள்ள குடும்பங்கள்ல நாலுல ஒண்ணுக்குதான் கிடைக்குது, மத்தவங்க வெயிட்டிங் லிஸ்ட்ல வருஷக்கணக்கா நிக்கணும்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் 2021ல நடந்ததுதான். அதுவரைக்கும் குழந்தைக்கான வரிச் சலுகை ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 2,000 டாலர், ஆனா சம்பளம் ரொம்ப கம்மியா இருந்தா முழுசா வராது, சம்பளமே இல்லன்னா ஒண்ணுமே வராது, அதாவது யாருக்கு ரொம்ப தேவையோ அவங்களுக்குதான் இல்ல. கொரோனா நேரத்துல பைடன் அரசு அதை மாத்தி ஆறு வயசுக்கு கீழ 3,600, அதுக்கு மேல 17 வயசு வரைக்கும் 3,000னு ஆக்கி, வருமானம் இல்லாதவங்களுக்கும் முழுசா குடுத்து, அதுல பாதிய ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் மாசாமாசம் அக்கவுன்ட்லயே போட்டுது. சென்சஸ் சர்வேல கேட்டப்ப சாப்பாட்டுக்கு, துணிமணிக்கு, வாடகைக்கு, ஸ்கூல் செலவுக்குன்னுதான் நிறைய பேரு சொன்னாங்க. அரசாங்க உதவி, வரி எல்லாத்தையும் சேத்து பாக்கற கணக்குல குழந்தைங்க வறுமை 2020ல 9.7 சதவீதம், 2021ல 5.2. அந்த கணக்கு போட ஆரம்பிச்சதுல இருந்து இவ்ளோ கம்மியா இருந்ததே இல்ல.

அப்புறம் நிறுத்திட்டாங்க. அவங்க நாடாளுமன்ற மேல்சபையான செனட்ல ரெண்டு கட்சி பக்கமும் 50-50, குடியரசுக் கட்சில ஒருத்தரும் நீட்டிக்க தயாரா இல்ல, பைடனோட ஜனநாயகக் கட்சி செனட்டர் மேன்ச்சினும் பெத்தவங்க வேலைக்கு போகணும்னு நிபந்தனை கேட்டு கடைசில மாட்டேன்னுட்டார். 2022ல குழந்தைங்க வறுமை 12.4 சதவீதம். ஒரே வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல! அந்த வருஷம் பெத்தவங்க எல்லாரும் திடீர்னு சோம்பேறி ஆயிட்டாங்களா என்ன? விலைவாசியும் ஏறுச்சு, மத்த கொரோனா உதவியும் நின்னுச்சு, ஆனா பெரிய காரணம் இந்த பணம் நின்னதுதான்.

அதனாலதான் அங்க வறுமை போகாம இருக்கறதுக்கு பணம் இல்லாதது காரணம்னோ வழி தெரியாதது காரணம்னோ யாராச்சும் சொன்னா என்னால ஏத்துக்க முடியல. போக்கற வழிய செஞ்சு பாத்தாங்க, வேலை செஞ்சுது, தெரிஞ்சே விட்டுட்டாங்க. 2025ல புது சட்டம் போட்டு அந்த சலுகைய 2,200 ஆக்கினாங்க, ஆனா பழைய விதிதான், சம்பளமே இல்லாத வீட்டு குழந்தைக்கு அதுல ஒரு டாலர் கூட போகாது.