என் தவறும் ஸெலென்காவின் துணிச்சலும்

நான் வாத்தியம் வாசிக்கிறவள் இல்லை. ஜெர்மனியில், மறந்துபோன பரோக் இசையை, அதாவது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையை, தேடியெடுத்து வாசிக்கும் ஒரு சின்னக் குழுவில் இசை நோட்டு தயாரிப்பது என் வேலை. கையெழுத்துப் பிரதியின் ஸ்கேனைத் திரையின் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மறுபக்கம் சுரம் சுரமாக ஏற்றி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். கேட்டால் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். பாதி நாள் அப்படித்தான்.

எங்கள் பிழைப்பு ஓர் அலமாரியில் இருக்கிறது என்று கேலியாகச் சொல்லிக்கொள்வோம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து அரசவை இசைக்குழுவை வழிநடத்திய வயலின் கலைஞர் பிசெண்டெல் 1755-இல் இறந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த நோட்டுகளையும் குழுவின் நோட்டுகளையும் அங்கிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். உறைகளில் 'அலமாரி எண் 2' என்று சீட்டு. அப்புறம் ஏறக்குறைய நூறு வருடம் அதை யாரும் சீண்டவில்லை. இன்று சுமார் 1,750 பிரதிகளை டிரெஸ்டன் நூலகம் ஸ்கேன் செய்து எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. விவால்டி, டெலமான் போன்ற பெரிய இசையமைப்பாளர்களும் இருக்கிறார்கள். எழுதியவர் பெயரே இல்லாதவையும் நிறைய.

அதே நூலகத்தில்தான் இசையமைப்பாளர் யான் டிஸ்மாஸ் ஸெலென்காவின் கையெழுத்துப் பிரதிகளும் இருக்கின்றன. 1679-இல் பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) பிறந்து, டிரெஸ்டன் குழுவில் அடிநாத வாத்தியம் வாசித்தவர். அரசவை இசைத் தலைவர் ஹைனிகன் 1729-இல் இறந்ததும் அந்தப் பதவி தனக்கு வரும் என்று காத்திருந்தார். அது ஹாஸ்ஸே என்ற இன்னொரு இசையமைப்பாளருக்குப் போனது. ஸெலென்கா 1745-இல் இறந்தார். இவர்தான் என்று உறுதியாகச் சொல்லும்படி ஒரு உருவப்படம்கூட இல்லை. முகம் இல்லாததாலோ என்னவோ, அவர் கையெழுத்தைப் பார்த்தே எனக்கு ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது.

நாங்கள் எடுத்துக்கொண்டது, 1723-இல் பிராகாவில் அவர் ஏழு வாத்திய வரிகளுக்கு எழுதிய 'ஹிப்போகாண்ட்ரி'. இல்லாத நோயை நினைத்து மறுகுவது என்று பொருள் கொள்ளலாம். அந்த வருடம் ஆறாம் கார்ல் பொஹீமியாவின் அரசராக முடிசூடியதால் ஊரே விழாக்கோலத்தில் இருந்தது. இவர் எழுதியது இப்படி ஒரு பெயரில்! ஏ மேஜர்தான். ஆனால் நிம்மதியாக மேஜரில் உட்காராமல், அடிக்கடி மைனர் பக்கம் சாயும். நம் கணக்கில் சொன்னால், அந்தர காந்தாரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சாதாரண காந்தாரம் வந்து நிழலாடும். வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவள் என்பதால், அந்த இடங்களில் எனக்கு வேலையே ஓடாது.

தவறும் அந்தக் காந்தாரத்தில்தான் நடந்தது. இன்றைய வழக்கப்படி, ஒரு சுரத்துக்கு முன்னால் ஷார்ப் (சுரத்தை அரைப்படி ஏற்றுவது) அல்லது நேச்சுரல் (அந்த ஏற்றத்தை நீக்குவது) குறி போட்டால், அந்தக் கட்டம், அதாவது நோட்டில் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தாளப் பகுதி, முடியும்வரை அது செல்லும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அந்த ஒரு சுரத்தோடு சரி. அடுத்த முறை வேண்டுமானால் திரும்பப் போட வேண்டும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. ஆனால் கணினிக்கு இன்றைய வழக்கம்தான் தெரியும். முதல் வயலினில் ஒரு கட்டத்தில் காந்தாரத்துக்கு நேச்சுரல் போட்டேன். அதே கட்டத்தின் கடைசியில் மறுபடி காந்தாரம் வருகிறது. பிரதியில் அதற்குக் குறி இல்லை, அதாவது பழையபடி அந்தர காந்தாரம். நான் ஷார்ப் சேர்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம். சேர்க்கவில்லை.

திங்களன்று ஒத்திகை. அந்தக் கட்டம் வந்ததும் முதல் வயலின்காரர் வில்லை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "என்ன துணிச்சல் பாருங்கள்! கடைசிவரை வெளிச்சத்துக்கு வரவே மாட்டேன் என்கிறார்." மறுநாள் அந்தச் சுரத்தைக் கொஞ்சம் இழுத்தே வாசித்தார். பாசூன் என்ற நீளக் குழல் வாசிக்கிற அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

காட்டிக்கொடுத்தது ஹார்ப்சிகார்ட், பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம். அதை வாசிக்கிறவருக்கு முழு இசையும் எழுதியிருக்காது. அடிநாத வரியும் அங்கங்கே சில எண்களும் மட்டும். அதை வைத்து மற்றதை அவரே கட்டி வாசிக்க வேண்டும். மூன்றாம் நாள் இடைவேளையில் காபியோடு என்னிடம் வந்தார். "அந்த இடத்தில் மூன்று நாளாக நான் காந்தாரத்தை விட்டுவிட்டு வாசிக்கிறேன், தெரியுமா? என் எண்களின்படி வயலினோடு இடிக்கிறது. பிரதியில் என்னதான் இருக்கிறது?"

எடுத்துப் பார்த்தோம். எனக்கு முகம் சூடாகிவிட்டது. யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். மூன்று நாளாக ஸெலென்காவுக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் என்னுடையது!

சிரித்து முடித்தபின், வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் பயம் வந்தது. பாஹ் இசையில் இப்படி ஒரு சுரம் தப்பியிருந்தால் முதல் ஒத்திகையிலேயே ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். எல்லார் காதிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. நம்மிடமும் அப்படித்தானே, ஒரு சங்கதி பிசகினால், "எங்கள் பாடாந்தரம் இப்படி இல்லையே" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அலமாரியில் கிடந்த இசைக்குப் பாடாந்தரம் கிடையாது. நான் அச்சடித்துக் கொடுப்பதுதான் அதற்குப் பாடாந்தரம். அதிலும் ஸெலென்கா மாதிரி, வேண்டுமென்றே விபரீதமாக எழுதுகிற ஆளிடம் காதை நம்பித் திருத்த முடியாது. இந்த இடம் விநோதமாக இருக்கிறதே, பிழையாக இருக்குமோ என்று நான் எத்தனையோ முறை சந்தேகப்பட்ட இடங்களில் அவர் தெளிவாகக் குறி போட்டுவைத்திருக்கிறார். சாதுவாகக் காதில் விழும் இடத்தில்தான் சில சமயம் என் கைவரிசை இருக்கும்.

அதற்குப் பிறகு சில வழக்கங்கள் மாறின. நான் சேர்க்கிற ஒவ்வொரு குறியையும் அடைப்புக்குள் போடுகிறேன். வயலின்காரருக்கு இது பிடிக்கவில்லை. பக்கம் முழுக்க முள்வேலி மாதிரி இருக்கிறதாம். ஹார்ப்சிகார்டுக்காரருக்கு எண்களோடு மேல் வரியையும் சின்ன எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறேன். நோட்டைப் புரட்டவும் இடம் பார்த்து வெட்ட வேண்டும். ஸெலென்காவின் ஓபோக்காரர்களுக்கு (நாதஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதும் வாத்தியம்) மூச்சு விடவே நேரம் கிடையாது, இதில் எங்கே பக்கம் திருப்புவது?

கச்சேரி ஒரு சின்னத் தேவாலயத்தில் நடந்தது. குளிரில் வயலின் நரம்புகளின் சுருதி கலைந்துகொண்டே இருந்ததால் இடைவேளை முழுக்கச் சுருதி சேர்ப்பதிலேயே போனது. நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கட்டத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது, சரியாக, வெளிச்சத்தில் முடிந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

இப்போதும் ஒத்திகைக்கு முன்னால் வில்லைச் சூடேற்றும்போது, வயலின்காரர் சில நாள் அந்தக் கட்டத்தை என் தவறோடு வாசித்துவிட்டு, என் மேசைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.