பொன்னிறம் என்பது எந்த நிறம்? எட்டு வார மாலைச் சமையல்

எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் நாலாவது வரியில் 'வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்' என்று இருக்கும். நானும் பல வருடங்களாக வதக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். வெளியே போய்ச் சாப்பிடும்போது அதே வெங்காயத்தில் ஒரு தித்திப்பு, ஒரு கனம் இருக்கிறது. என் வாணலியிலிருந்து வருவது வெறுமனே வெந்த வெங்காயம். இந்த வசந்தத்தில் மாலை நீள ஆரம்பித்ததும், வேலை முடிந்து வந்த பிறகு இருட்டுவதற்குள் கிடைக்கிற நேரத்தை இதற்கே கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். வாரத்துக்கு மூன்று மாலை, இரண்டே பொருள்: வெங்காயம், காளான். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் கிறுக்கியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம், மார்ச் தொடக்கம்

ஐந்தரைக்கு வீடு வந்துவிடுவேன். சூரியன் மறைவது ஆறு ஐந்துக்கு. வெங்காயத்தை உரித்து நறுக்கி முடிப்பதற்குள் சமையலறை விளக்கைப் போடவேண்டியதாகிவிட்டது. 500 கிராம் வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. பதினெட்டாவது நிமிடம் அருமையான பொன்னிறம் வந்துவிட்டது. பரவாயில்லையே என்று எனக்கே ஒரு பெருமை. அடுப்பை அணைத்தேன்.

பால்கனியில் சின்ன மேசை போட்டிருக்கிறோம். தட்டை அங்கே கொண்டுபோனதும் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, வதக்கவே இல்லையா?" என்றாள். குனிந்து பார்த்தேன். மிச்சமிருந்த வெளிச்சத்தில் வெளிறிய மஞ்சளாகக் கிடந்தது. தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி சமையலறைக்குள் போனால், அதே வெங்காயம், நல்ல பொன்னிறம்! இரண்டு முறை உள்ளே வெளியே நடந்து பார்த்தேன். மகள் சிரித்தாள். அன்றைக்குக் காரணம் புரியவில்லை. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றுதான் நோட்டில் எழுதினேன்.

இரண்டாம் வாரம்

நேரத்தைக் கூட்டினேன். வெங்காயத்தின் எடையில் கிட்டத்தட்ட 89 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வெங்காயம் வேகும், அவ்வளவுதான். நிறமும் மணமும் தருகிற வேலை சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி போல வேண்டும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து செய்கிற அந்த வேலையைப் பற்றி 1912இல் முதலில் எழுதியவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். அதனால் இதற்கு மயார் வினை என்று பெயர். ஆக, முதல் இருபது நிமிடம் நாம் செய்வது தண்ணீரை விரட்டுகிற வேலைதான். நான் அந்த வேலை முடிகிற இடத்தில் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை ஐம்பது நிமிடம். தீயைத் தணித்து வைத்து, சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டும்போதெல்லாம் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டினேன். அந்தச் சுரண்டலில்தான் விஷயம் இருக்கிறது. அடியில் ஒட்டியது கரைந்து வெங்காயத்தோடு சேரும் ஒவ்வொரு முறையும் நிறம் ஒரு படி அடர்த்தியாகிறது. கடைசியில் எடைபோட்டால் 130 கிராம். அரைக் கிலோ போட்டு ஒரு கைப்பிடி! சுவை மட்டும் முதல் தடவையாகச் சரியான பக்கம் திரும்பியிருந்தது. அதற்குள் மகள் பசி தாங்காமல் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

வியாழக்கிழமை அவசரப்பட்டேன். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் நிறம் வரும் என்று தெரியும். காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம்) கூடினால் மயார் வினை வேகமெடுக்கும். ஒரு சிட்டிகை போடவேண்டிய இடத்தில் அரைத் தேக்கரண்டி போட்டேன். நிறம் வந்தது உண்மை. கூடவே வெங்காயம் கூழாகி, சோப்பு நீரை வாயில் வைத்த மாதிரி ஆனது. மொத்தமும் குப்பைக்கு.

மூன்றாம் வாரம், மார்ச் 20ஐ ஒட்டி

பகலும் இரவும் சமம் என்று சொல்கிற நாள் வந்துபோனது. உண்மையில் அன்றைக்கே பகல் பன்னிரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் அடிவானத்துக்குக் கீழே போன சூரியனும் நமக்குத் தெரிகிறது. தவிர, அதன் மேல்விளிம்பு மறைந்தால்தான் நாம் மறைவு என்கிறோம். பகல் நாளுக்கு நாள் வேகமாக நீள்வதும் இந்த நாட்களை ஒட்டித்தான். என் நோட்டுக் கணக்கில் மாலை மட்டும் வாரத்துக்குச் சுமார் பத்து நிமிடம் நீள்கிறது. சோடா போடாமல் வெங்காயம் வதக்குகிறவனுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயம்.

சனிக்கிழமை வெளியே சாப்பிடப் போனோம். மேசை கிடைக்கவில்லை, சமையலறையைப் பார்த்த மாதிரி இருந்த நீளப் பலகையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. சாப்பிடுகிற பக்கம் மங்கல் விளக்கு. சமைக்கிற பக்கம் பளீரென்று வெள்ளை வெளிச்சம். காளான் வதக்கிக்கொண்டிருந்தவர் சட்டியைக் கிளறியதைவிடச் சும்மா விட்டதுதான் அதிகம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கைப்பிடியைத் தூக்கி, சட்டியை விளக்குப் பக்கம் சாய்த்து, உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். மூக்குக்கு அதில் வேலையே இல்லை. கண்தான் முடிவு செய்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தச் சாய்த்த சட்டிதான் மனதில். எங்கள் சமையலறை விளக்கு அடுப்புக்கு நேர் மேலே இல்லை. என் நிழலிலேயே நின்று சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் வாரம்

காளான் வாரம். வெங்காயத்தைவிட இதில் தண்ணீர் அதிகம், 92 சதவீதம் வரை. முதல் நாள் 400 கிராமையும் ஒரே சட்டியில் கொட்டினேன். ஐந்தாவது நிமிடம் சட்டி நிறைய சாம்பல் நிறத் தண்ணீர், அதில் காளான் மிதக்கிறது. கூட்டம் சேர்த்தால் ஆவி வெளியேற வழியில்லை. பாதியாகப் பிரித்து இரண்டு தடவையாகப் போட்டதும் சட்டென்று வித்தியாசம் தெரிந்தது.

எண்ணெயும் ஒரு தொல்லை. காளான் பஞ்சு மாதிரி. ஊற்ற ஊற்றக் குடித்துவிடும். மூன்றாம் நாள் தலைகீழாகச் செய்தேன். எண்ணெய் இல்லாமல் கால் கோப்பைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, காளான் தன் நீரையெல்லாம் விட்டுச் சுருங்கி, சட்டி காய்ந்து 'சர்ர்' சத்தம் 'பட்பட்' ஆனதும் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய். உள்ளிருந்த காற்றறைகள் அமுங்கிவிட்டதால் எண்ணெயை இழுக்க இடமில்லை. மேலேயே நின்று பழுப்பாக்கியது. காளானில் இன்னொரு நிம்மதி, அதைக் குழைத்துக் கெடுப்பது கஷ்டம். அதன் செல்சுவரில் இருக்கிற கைட்டின் என்ற உறுதியான பொருள் சூட்டுக்கு அசையாது. வெங்காயம் மாதிரி கூழாகிவிடுமோ என்று பயப்படாமல் விடலாம்.

ஐந்தாம் வாரம்: விளக்கு

இந்த வாரத்தில்தான் எனக்கு உறைத்தது. பழைய விளக்கைக் கழற்றிப் பார்த்தால் 2700 கெல்வின் என்று போட்டிருந்தது. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு அது, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. இது மஞ்சள் கலந்த வெளிச்சம். வரவேற்பறைக்கு இதமாக இருக்கும். அடுப்படியில் இது வெளிறிய வெங்காயத்துக்குப் பொன்முலாம் பூசிக் காட்டுகிறது. அதன் கீழே நான் எப்போதும் சீக்கிரமே அணைத்துவிடுவேன். முதல் வாரம் உள்ளே வெளியே நடந்தபோது தெரிந்த மர்மம் இதுதான். கண்ணில் கோளாறு இல்லை.

4000 கெல்வின் எல்.இ.டி. வாங்கி அடுப்புக்கு மேலே மாட்டினேன். நிறம் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு இருக்கிறது, உச்சம் 100. இதில் 90க்கு மேல் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். போட்டதும் சமையலறை ஏதோ ஆய்வுக்கூடம் மாதிரி ஆகிவிட்டது என்று வீட்டில் புகார். சமைக்கும்போது மட்டும் போடுவது என்று சமாதானம்.

சரி, விளக்கு எதற்கு, இப்போதுதான் மாலை வெளிச்சம் தாராளமாக இருக்கிறதே என்று புதன்கிழமை சன்னல் பக்கம் சின்ன மின்னடுப்பை வைத்துச் சமைத்தேன். மேற்குப் பார்த்த சன்னல். ஆறரை மணி வெயில் நேராகச் சட்டிக்குள் விழுந்தது. முப்பதாவது நிமிடமே தகதகவென்று பொன்! அணைத்தேன். சூரியன் மறைந்த பிறகு பார்த்தால் பழையபடி வெளிறல். வசந்த காலத்து மாலை வெயிலில் சுவர், பூந்தொட்டி, என் சட்டை எல்லாமே பொன்னிறம்தான். வெங்காயம் மட்டும் எப்படித் தப்பும்?

நம்பத் தகுந்த வெளிச்சம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம் போல வானம் லேசான நீலத்தில் வெளிச்சமாகவே இருக்கிறது. அந்த நீல வெளிச்சம் யாருக்கும் முலாம் பூசாது. அதில் பழுப்பாகத் தெரிந்தால் நிஜமாகவே பழுப்பு. சூரியன் மறைய இருபது நிமிடம் இருக்கும்போது சட்டியை ஏற்றினால், கடைசிக் கட்டம் சரியாக அந்த நேரத்தில் வந்து விழுகிறது. தினமும் ஒன்றரை நிமிடம் தள்ளி ஏற்றவேண்டும், அவ்வளவுதான்.

ஆறாம் வாரம்

சமைக்கவில்லை. வேலை. இரண்டு நாள் வெளியே சாப்பாடு. ஒரு இடத்தில் மெழுகுவர்த்தி மட்டும். உணவுப் பட்டியலைப் படிக்கவே கைப்பேசி வெளிச்சம் தேவைப்பட்டது. காளான் வந்தது. வெளிச்சத்தை அதன் மேலும் காட்டினேன். நாலாம் வாரத்து என் முதல் நாள் காளான் மாதிரியே சாம்பலாகப் பல்லிளித்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

ஏழாம் வாரம்

பசியோடு யாரும் ஐம்பது நிமிடம் காத்திருக்க மாட்டார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது. ஞாயிறு ஒன்றரைக் கிலோவை அகலமான சட்டியில் மொத்தமாக வதக்கினேன். ஆற வைக்கிறேன் என்று மறந்துவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ப்பெட்டிக்குள் போய்விட வேண்டும். மூன்று நான்கு நாள் தாங்கும். மீதியை ஐஸ் தட்டில் அடைத்து உறைய வைத்தேன். ஒரு குழியில் ஒரு மேசைக்கரண்டி. இப்போது வாரநாளில் முட்டைக்கோ சோற்றுக்கோ இரண்டு கட்டியைப் போட்டால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. மிச்ச மாலை பால்கனிக்கு.

எட்டாம் வாரம், ஏப்ரல் கடைசி

சூரியன் மறைவு ஏழு பதினைந்து. கட்டியை எடுக்காமல், வேண்டுமென்றே புதிதாக ஏற்றினேன். வெங்காயம் 46 நிமிடம். பக்கத்துச் சட்டியில் காளான், தண்ணீர் முதலில், எண்ணெய் அப்புறம். கடைசி ஐந்து நிமிடம் சட்டியைச் சன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இப்போது எனக்குப் பொன்னிறம் என்றால் புது நகை கிடையாது, பாட்டி போட்டுப் போட்டு மங்கிய பழைய வளையல்.

ஏழே முக்காலுக்கு மூன்று பேரும் பால்கனியில், விளக்கு போடாமல். மகள் கையாலேயே எடுத்துத் தின்றாள். மனைவி ஒரு காளான் துண்டை முள்கரண்டியில் குத்தி, வானத்துக்கு நேரே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டாள். அப்புறம் வெங்காயம்.

"நல்லா இருக்குங்க. வெங்காயம் இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருக்கலாம்."

உள்ளே போய் நோட்டில் 46ஐ அடித்துவிட்டு 48 என்று எழுதினேன்.