மீன் இல்லாத மீன்தொட்டி

150 லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்கு லைவ் ராக் (கடலிலிருந்து உயிர்களோடு எடுக்கும் பவளப் பாறை) வாங்கலாமா என்று முதலில் சபலம் தட்டியது. ஆனால் பவளம் நம் வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு முதல் அட்டவணையில் இருக்கிறது, வம்பே வேண்டாம். உலர் பாறைதான், 14 கிலோ. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமில்லாத, துளை நிறைந்தவையாகப் பொறுக்கினேன். கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியா குடியேறுவது அந்தத் துளைகளில்தானே.

உப்புநீரின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 வந்ததும் உரித்த இறால் ஒன்றைப் போட்டேன். அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குத் தீனி. நான்காம் நாள் ஹாலெல்லாம் காசிமேடு வாசனை. "மீனே இல்லாத தொட்டிக்கு மோட்டார் எதுக்குடா?" என்றாள் அம்மா. அம்மோனியா சோதனைக் குழாய் கரும்பச்சை, அதாவது அளவு எகிறிவிட்டது. அப்புறம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்ற, அம்மோனியா இறங்கி, நைட்ரைட் ஏறி, அதன் சோதனைக் குழாய் பத்து நாள் ஊதாவிலேயே நின்றது. 34ஆம் நாள் இரண்டும் பூஜ்யம். நைட்ரைட் மாறி வரும், அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு 20 மில்லிகிராம். பாறை முழுக்கப் பழுப்புப் பாசி. சரி, அதை மேய முதலில் நத்தைகள் வரட்டும்.