கேஸ் கம்மி என்று சொல்லும் முன்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தக்காளி விலை விழுந்த வருடங்களில் பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது என்று ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள், அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிளஸ் டூ முடித்து 2022-ல் ஐடிஐயில் ட்ரேடு தேர்வு செய்யச் சொன்னபோது, கூட வந்தவர்கள் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று போக, நான் ஏசி மெக்கானிக் ட்ரேடு கேட்டதற்கு அந்தத் தக்காளிதான் காரணம், குளிரில் வைக்க வழி இருந்தால் கொட்ட வேண்டியதில்லையே. பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும், படிப்பு 2 வருடம், அரசு ஐடிஐ என்பதால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் கிடைத்தன.

சேர்ந்த உடனே ஏசியைக் கழற்றலாம் என்று நினைத்துப் போனால் கையில் அரத்தைக் கொடுத்தார்கள். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி ராவு, மூலைமட்டம் வைத்துப் பார், வெளிச்சம் தெரிந்தால் திரும்ப ராவு. வாரக்கணக்கில் இதுதான். உள்ளங்கை கொப்புளமாகி சாப்பாடு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் கட்டத்திலேயே ஓரிருவர் நின்றுவிட்டார்கள். நின்றிருக்க வேண்டாம். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் மிக மெல்லிய செம்புக் குழாயான கேபிலரி டியூபை கட்டரில் வெட்டினால் துளை நசுங்கிவிடும், அரத்தால் சுற்றிக் கீறி ஒடிக்க வேண்டும், ராவிப் பழகிய கைக்குத்தான் அது சுத்தமாக வரும்.

அப்புறம் பிரேசிங், அதாவது ராடு என்ற உலோகக் கம்பியை உருக்கி இரண்டு பைப்பை ஒட்டுவது. சார் சொன்ன ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு அதைத் திறந்து காட்டியது: "ராடை நெருப்பு உருக்கக் கூடாது, பைப் உருக்கணும்." செம்பு பைப்பைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினால் முதலில் கறுக்கும், பிறகு மங்கிய சிவப்பு ஏறும், அந்த நேரத்தில் ராடைத் தொட்டால் அது தண்ணீர் போல ஜாயிண்டுக்குள் தானே ஓடிவிடும். நெருப்பை நேராக ராடில் காட்டினால் சொட்டுச் சொட்டாக மேலே உட்காரும், பார்க்க நல்ல ஜாயிண்ட் போல இருக்கும், நைட்ரஜன் ஏற்றினால் சோப்பு நுரை பொங்கும். எனக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பொங்கியது. பிரஷர் டெஸ்டுக்கு நைட்ரஜன் மட்டும்தான், அவசரத்துக்குக்கூட ஆக்ஸிஜன் ஏற்றக் கூடாது, உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். புதிதாக வருபவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தியரி எனக்குக் கஷ்டம். கையில் கிடைத்தது ஆங்கிலப் புத்தகம், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனால் கதை போலச் சொன்னால் மனதில் நிற்கிறது. ஒன்றரை டன் ஏசி என்றால் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளுவதுதான் ஒரு டன், அதாவது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு). குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரஸரின் மூன்று கரண்ட் முனைகளும் அப்படித்தான். இரண்டிரண்டாக மீட்டர் வைத்து ஒரு ஜோடியில் 15 ஓம், இன்னொன்றில் 25, மூன்றாவதில் 40 வந்தால், 40 காட்டிய ஜோடியில் சேராத முனை காமன், அதாவது மோட்டாரின் இரண்டு சுருளுக்கும் பொதுவானது. காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது ரன் (ஓட வைக்கும் சுருள்), அதிகமாகக் காட்டுவது ஸ்டார்ட் (கிளப்பிவிடும் சுருள்). வீட்டில் பழைய கம்ப்ரஸர் ஒன்றை வாங்கி வைத்து ராத்திரியில் பார்த்துக்கொண்டே இருப்பேன், அம்மா கரண்ட் அடிக்கப் போகிறது என்று பயந்துகொண்டிருப்பார்.

இரண்டாம் வருடம் லீவு நாட்களில் ஒரு மெக்கானிக்கோடு வேலைக்குப் போனேன். எங்கே போனாலும் அவர் வாயில் முதலில் வருவது "கேஸ் கம்மி". எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அக்கா கடையில் கூல்டிரிங்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ், அதற்கு ஆர்134ஏ என்ற கேஸை ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். குளிர் வந்தது, காசு வாங்கினோம். இரண்டே மாதத்தில் திரும்பவும் அதே பிரச்சனை. ஃபிரிட்ஜில் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாவது கிடையாது, மூடிய சுற்று அது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். இது படித்த எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் தேடவில்லை. அந்தக் கோடையில் அந்த அக்காவின் வியாபாரம் போனது இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

ஆன்லைன் தேர்வு, பிராக்டிகல் எல்லாம் முடிந்து 2024-ல் ஓசூர் பக்கம் ரோஜா ஏற்றுமதி செய்யும் ஒரு இடத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். பூவை வெட்டிய உடனே 2 முதல் 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவை வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான். பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் அங்கே யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அப்படி ஒரு ராத்திரி கோல்டு ரூம் 9 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினேன், சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் கேஸின் அழுத்தம்) நன்றாக இறங்கியிருந்தது. "கேஸ் கம்மிண்ணா, சிலிண்டர் எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

சீனியர் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை என் கையில் கொடுத்து, "முதல்ல உள்ள போய்ப் பாருடா தம்பி" என்றார். ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. அறையின் வெப்பத்தை கேஸ் உறிஞ்சும் எவாப்பரேட்டர் சுருள் முழுக்க ஐஸ் சுவர் மாதிரி அடைத்திருந்தது, அதன் மெல்லிய தகடு ஒன்றுகூடத் தெரியவில்லை. அந்த ஐஸ் காற்றை மறித்துவிட்டதால் கேஸுக்கு வெப்பம் கிடைக்கவில்லை, அதனால்தான் பிரஷர் இறங்கியது. கேஸ் போதுமான அளவு இருந்தது. நான் ஆசைப்பட்டபடி மேலே ஏற்றியிருந்தால், ஐஸ் உருகிய பிறகு கூடுதல் கேஸ் திரவமாகவே கம்ப்ரஸருக்குள் போய் வால்வை உடைத்திருக்கலாம். ஐஸைக் கரைக்க அவ்வப்போது ஹீட்டரைப் போடும் டிஃப்ராஸ்ட் டைமரை கையால் திருப்பி, கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கும் டாங் டெஸ்டரை ஹீட்டர் வயரில் மாட்டினோம். மூன்று ஹீட்டரில் இரண்டில் கரண்டே ஓடவில்லை, எரிந்து போயிருந்தன. விடிய விடியத் தண்ணீர் அடித்து ஐஸைக் கரைத்தோம், ஸ்க்ரூ டிரைவரால் குத்தக் கூடாது, குத்தினால் பைப் ஓட்டையாகிவிடும். ஹீட்டர் மாற்றி, பூ உள்ளே போனபோது காலை ஏழு மணி.

இப்போது கிருஷ்ணகிரியில் புளி வைக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருக்கிறேன். புளியை வெளியில் வைத்தால் மாதங்களில் கறுத்துவிடும், குளிரில் நிறம் அப்படியே நிற்கும், வியாபாரிகள் நல்ல விலை வரும் வரை வைத்துக்கொள்கிறார்கள். தக்காளிக்கும் இப்படி ஊருக்கு ஊர் ஒன்று வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கிருஷ்ணகிரியில் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா கடைக்குப் போனேன். ஃபிரிட்ஜை மூலையில் தள்ளி மேலே பிஸ்கட் டப்பா அடுக்கியிருந்தார். சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத்தைத் துடைக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஏனென்றால் கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கூட வரும், துடைத்தால் அடையாளம் போய்விடும். வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சருக்குப் போகும் பைப் கீழே தகரத்தில் உரசி உரசித் தேய்ந்து, அந்த இடத்தில் தூசி எண்ணெயில் ஊறிக் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஒரு விரல் அகலம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது பைப் வைத்து பிரேசிங் செய்து, நைட்ரஜன் ஏற்றி ஒரு மணி நேரம் முள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), எடை வைத்து கேஸ் ஏற்றினேன். தகரத்துக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டைச் செருகினேன். அக்கா காசு எடுத்தார், வாங்கவில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், கதவுக் கண்ணாடியில் நீர் கோத்திருந்தது, உள்ளே மோர் பாக்கெட்டும் அடுக்கியிருந்தார்.