கோடித் தீர்த்தத்துடன் வெள்ளியங்கிரிக்கு

வடகடலில் வாடைக்காற்று முற்றியிருந்த ஓர் இரவில் தம்பியின் வல்லம் கரை திரும்பவில்லை. மண்டபம் கரையில் நாங்களெல்லாம் ராமநாதசுவாமியை அழைத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் மேற்கே திரும்பி நின்று வெள்ளியங்கிரி ஆண்டவரை அழைத்தார். இளமையில் கருவாட்டு வியாபாரமாகக் கோவைப் பக்கம் போய்வந்த காலத்தில் ஆண்டுதோறும் ஏழு மலைகளையும் ஏறியவர் அவர். பிள்ளை கரையேறினால் ராமேசுவரம் கோயிலின் கோடித் தீர்த்தத்தை மலைமேல் கொண்டுவந்து ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார். மறுநாள் உச்சிவேளையில், இயந்திரம் பழுதாகி நின்றுபோன வல்லத்தை இன்னொரு படகு கட்டியிழுத்து வந்தது.

மூட்டுத் தேய்ந்த அப்பாவால் இனி மலையேற இயலாது. தம்பிக்கோ கயிறு அறுத்த கை இன்னும் பிடிமானத்துக்கு வரவில்லை. மூத்தவனாகிய நான் போவதென்று முடிவானபோது, கூட்டாளிகள் யாரையாவது அழைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "துணைக்கு ஆள் தேடாதேய்யா, கூப்பிட்டவன் கூட்டிக்கிட்டுப் போவான்" என்றார் அப்பா.

ராமேசுவரத்தில் தீர்த்தம் எடுக்கப்போன அன்று கோயிலில் நிற்க இடமில்லை. கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வரிசையில்லாமல் அழைத்துப்போகிறேன் என்று கையைப் பிடித்து இழுக்கும் இடைத்தரகர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. மொழி தெரியாமல் வடக்கேயிருந்து வந்த முதியவர்களிடம், ஈரத்துணியோடு நடுங்கி நிற்கும்போதே பணம் பேசுகிறார்கள். இருபத்திரண்டு தீர்த்தங்களையும் ஆடி முடித்து, கடைசியாகக் கோடித் தீர்த்தத்தைப் பித்தளைச் செம்பில் வாங்கி, வாயை அடைத்துக்கொண்டேன். அனுமன் கயிலாயத்திலிருந்து கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கே இங்கு முதல் பூசை. சீதாப்பிராட்டி மணலால் பிடித்த ராமலிங்கத்துக்கு அதன் பிறகுதான். கயிலாயத்து லிங்கம் வந்து தங்கிய ஊரின் நீர் தென்கயிலாயமான வெள்ளியங்கிரிக்குப் போகப்போகிறது என்ற நினைவே அன்று எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் கரைக்கு எதிரே உள்ள ராமேசுவரம் தீவில் மிக உயர்ந்த இடம் ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பருவதம். மணல்மேடான அதையே மலையென்று சொல்லி வளர்ந்தவன், வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியை ஊன்றி, நள்ளிரவு கடந்த இருளில் முதல் மலையின் படிகளை அண்ணாந்து பார்த்தபோது செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வெள்ளிப் பிள்ளையார் சந்நிதி வருவதற்குள் சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. வழுக்குப்பாறையில் வெட்டியிருக்கும் படிகளில் தடி ஒரு கையிலும் செம்பு மறு கையிலுமாக ஏறியதால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. பின்னால் வந்த முன்பின் அறியாத பெரியவர் ஒருவர், நான் கேட்காமலேயே, முதுகில் உள்ளங்கையை வைத்துத் தாங்கியபடி வந்தார். கைதட்டிச் சுனையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை. அவருக்கு நன்றி சொல்ல முடியாமற்போனது இன்றும் மனத்தில் நிற்கிறது.

ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை எல்லாம் விரைவாகவே கடந்தன. வழியெங்கும் "அரோகரா" என்றும் "சிவ சிவ" என்றும் குரல்கள் கேட்டுக்கொண்டிருக்க, இடையிடையே ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வைத்துக்கொண்டு ஏறிய இளைஞர்களும், புதருக்குள் வீசப்பட்டிருந்த தண்ணீர்ப் பாட்டில்களும் நெஞ்சை உறுத்தின. காலணி கூட அணியாமல் பலர் ஏறும் மலையில் குப்பையை விட்டுவிட்டு வர எப்படி மனம் வருகிறது?

ஆறாம் மலை இறங்கி ஆண்டி சுனையில் முழுகியபோது குளிர் எலும்பில் இறங்கியது. கடல்நீரில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது முற்றிலும் புதிய குளிர். பற்கள் கிட்டித்து, விரல்கள் மரத்துப்போய், ஏழாம் மலையின் செங்குத்தில் செம்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியாமல், நான்கு அடிக்கு ஒருமுறை குனிந்து பார்த்துப் பார்த்து ஏறினேன். காற்று ஆளைத் தள்ளியது. அந்தக் காற்றில்தான், இரவு முழுவதும் வல்லத்தில் தம்பி எப்படிக் கிடந்திருப்பான் என்று முதன்முதலாக எனக்கு விளங்கியது. கரையில் நின்று அழுதபோதுகூட அது இந்த அளவுக்கு விளங்கவில்லை.

பெரும் பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து தாமே கோயிலாகி நிற்கும் அந்த உச்சியில், விடியல் வெளிச்சமும் மேகமும் ஒன்றாக நுழைந்துகொண்டிருந்தன. "எந்த ஊர்த் தீர்த்தம்?" என்று பூசாரி கேட்டார். சொன்னேன். செம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயைத் திறந்து, சுயம்புவாய் அமர்ந்திருக்கும் ஆண்டவர் திருமுடியில் ஊற்றினார். பின்னால் நெருக்கிக்கொண்டிருந்த வரிசை அந்த நேரம் எனக்குக் கேட்கவில்லை. நீர் திருமேனியில் வழிந்து, பாறையில் பரவி, திருநீற்றோடு கலந்தது. யார் பெயருக்கு என்று கேட்டார்கள். தம்பியின் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், அப்பாவின் பெயர் வந்தது. என் ஆண்டவரே, கடல் எங்கே, மலை எங்கே! ஆறாயிரம் அடி உயரத்தில் இருந்துகொண்டு, வடகடல் இருட்டில் ஒரு கிழவர் கூப்பிட்ட குரலைக் கேட்டீரே! என்ன கைம்மாறு செய்வேன்?

இறக்கத்தில் முழங்கால்கள் நடுங்கின; வெயில் ஏறிய பிறகுதான் பூண்டி வந்து சேர்ந்தேன். கைப்பேசியில் அழைத்தபோது, தீர்த்தம் சிந்தாமல் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டுமே அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த ஆண்டு வழி திறந்ததும் தம்பி ஏறுவான். அதற்குள் அவன் கைக்குப் பிடிமானம் வந்துவிடும், ஆண்டவர் தருவார்.