நீர் வடிக்கும் ட்ரெயின் பெட்டியும் தோள்பட்டையும்: மார்பக ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுக்க நாள் குறித்தாகிவிட்டது என்றால், வீட்டில் எல்லோருடைய கவலையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கழியும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தின் மேலேயே இருக்கும். அதை சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் பார்த்துக்கொள்வார்கள். வீட்டார் கைக்கு வருவது அதன் பிறகான ஆறு வாரம். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. அவற்றில் பல தடுக்கக்கூடியவை. அதனால் இந்தப் பதிவு நோயாளிக்கு மட்டுமல்ல, கூட இருந்து பார்க்கப்போகிற மகளுக்கும் கணவருக்கும் அக்காவுக்கும் சேர்த்துத்தான். மார்பகத்தோடு அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுக்கும் ஆபரேஷனை வைத்து எழுதுகிறோம். அதே நேரத்தில் மார்பகச் சீரமைப்பும் செய்துகொள்பவர்களுக்குக் கட்டுப்பாடுகள் வேறு. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதே செல்லும்.

முதலில் மாத்திரைகள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் சொல்லி விளக்க முயல வேண்டாம், அட்டையையே காட்டுங்கள். ரத்தத்தை இளக்கும் குளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லலாம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் பட்டினி இருக்கும்போது ரத்தத்தில் அமிலம் ஏறும். சூரணம், லேகியம், கஷாயம் எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலை, வெற்றிலையோடு போடும் புகையிலை உட்பட, குறைந்தது 4 வாரம் முன்பே நிற்க வேண்டும். மார்பகத்தை எடுத்த பின் மேலே மூடுவது மெல்லிய தோல் மட்டுமே. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிட்டால் அந்தத் தோலின் ஓரம் ரத்தம் இல்லாமல் கருத்துப்போகும்.

ஆபரேஷன் அன்று காலையில் காபி. இதில் தவறு நடந்து ஆபரேஷனே தள்ளிப்போவதுண்டு. கடைசித் திட உணவுக்கும் மயக்க மருந்துக்கும் இடையே 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. பால் சேர்த்த காபியும் டீயும் தண்ணீர்க் கணக்கில் வராது. அதற்கும் 6 மணி நேரம்தான். பால் வயிற்றுக்குள் திரிந்து திடமாகிவிடும்.

அக்குள் முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி புகும். தேவையென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுத்துவிடுவார்கள். நகைகளை, முக்கியமாக மோதிரத்தையும் வளையலையும், முந்தின நாளே கழற்றிவிடுங்கள். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவி பயன்படும். உடலில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுடலாம். பிறகு விரல் வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாவிட்டால் முன்கூட்டியே நர்ஸிடம் சொல்லுங்கள், வழி செய்வார்கள். தியேட்டர் வாசலில் வைத்துப் பேசினால் இரு பக்கமும் பதற்றம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்வதானால் முன் அனுமதி வந்தபின்தான் தேதி உறுதி. அட்டை, ஆதார், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

வீட்டைத் தயார் செய்வது அரை நாள் வேலை. உப்பு, புளி, டம்ளர், சீப்பு, போன் சார்ஜர் எல்லாம் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வர வேண்டும். பாயில் படுப்பவருக்குக் கட்டில் தேவை. தரையிலிருந்து எழ, கையை ஊன்றாமல் முடியாது. கட்டிலில் 3 தலையணை: முதுகுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, ஆபரேஷன் செய்த பக்கத்துக் கைக்கு அடியில் ஒன்று. தலை வழியே போடும் உடை எதுவும் சில வாரத்துக்கு ஆகாது. முன்பக்கம் ஜிப் வைத்த, கை தொளதொளவென்ற நைட்டி 4 போதும்; கணவரின் பழைய பருத்திச் சட்டையும் நல்லதே. ஆபரேஷன் இடத்தில் ஊறும் நீர் குழாய் வழியே வந்து சேரும் ட்ரெயின் பெட்டியை வைக்க ஒரு துணிப்பையும் தைத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டினால் பெட்டி இடுப்பளவில் நிற்க வேண்டும்.

இனி ட்ரெயின். ஆபரேஷன் செய்த இடத்தில் வெற்றிடம் இருப்பதால் அங்கே நீர் ஊறிச் சேரும். அதை உறிஞ்சி எடுக்கத் தோலுக்கடியில் ஒன்றோ இரண்டோ குழாய் வைத்து, வெளியே ஆர்மோனியத் துருத்தி போல அமுங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இணைப்பார்கள். பெட்டி அமுங்கியிருக்கும்வரைதான் உறிஞ்சும். உப்பிவிட்டால் அது வெறும் பாத்திரம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தினமும் ஒரே நேரத்தில், காலை 7 மணி என்றால் 7 மணிக்கே, காலி செய்யுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். குழாயின் கிளிப்பை மூடுங்கள். பெட்டியின் மூடியைத் திறந்து, அளவுக் கோப்பையில் நீரை ஊற்றி மி.லி. அளவைப் பாருங்கள். பெட்டியை மேசை மேல் வைத்து முழுக்க அமுக்கி, அமுக்கியபடியே மூடியைப் போடுங்கள். கடைசியில் கிளிப்பைத் திறங்கள். கிளிப்பைத் திறக்க மறப்பதுதான் வீட்டில் அதிகம் நடக்கும் தவறு. அடுத்த நாள் "நேற்று ஒன்றுமே வரவில்லை, ஆறிவிட்டது" என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள், உள்ளே நீர் கட்டியிருக்கும். பெட்டியின் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். இரண்டு ட்ரெயின் இருந்தால் 1, 2 என்று பிளாஸ்டர் ஒட்டித் தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள்: தேதி, அளவு, நிறம். பெட்டி பாதி நிறைந்துவிட்டால் அடுத்த நாள் வரை காத்திருக்காமல் காலி செய்து, இரண்டு அளவையும் கூட்டி எழுதுங்கள்.

நிறம் முதலில் சிவப்பாக இருக்கும், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். உடல் பருமனும் எடுத்த நெறிகளின் எண்ணிக்கையும் இதைக் கூட்டும். நோயாளி ஏதோ தப்பு செய்துவிட்டார் என்று பொருளில்லை.

அமுக்கிய பெட்டி கொஞ்ச நேரத்திலேயே காற்றால் உப்பினால் மூடியோ இணைப்போ தளர்ந்திருக்கும், அல்லது குழாயின் பக்கத் துளை தோலுக்கு வெளியே வந்திருக்கும். வெளியே வந்ததை உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குப் போங்கள். அளவு திடீரென்று குறைந்து குழாயைச் சுற்றிக் கசிந்தால் உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். பெட்டி ஓரிரு மணி நேரத்தில் பளீர் சிவப்பாக நிறைந்து, மார்புப் பக்கம் இறுகி வீங்கினால் இரவு 2 மணியானாலும் கிளம்புங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், கெட்ட வாடை, பரவும் சிவப்பு, கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது ஆகியவையும் அன்றே காட்ட வேண்டியவை.

ட்ரெயின் எடுத்த பின்னும் நீர் கட்டலாம். நடக்கும்போது தளும்புவது போலிருக்கும். சர்ஜன் ஊசியால் எடுத்துவிடுவார். அங்கே மரத்திருப்பதால் வலி குறைவு. அக்குளும் மேல்கையின் உள்பக்கமும் மரத்துப்போவதற்குக் காரணம் அந்த வழியே ஓடும் மெல்லிய நரம்பு வெட்டுப்படுவது அல்லது இழுபடுவது. உணர்ச்சியில்லாத அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், மூலிகைப் பற்று எதுவும் தையல் மேல் வேண்டாம்.

கை விஷயத்தில் இரண்டு பயம் இருக்கும்: அசைத்தால் தையல் பிரியும், அசைக்காவிட்டால் தோள் உறையும். இரண்டாவது பயம்தான் நியாயமானது. டாக்டர் சொன்னால் மறுநாளிலிருந்தே விரலை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைச் சுழற்றுவது, ஒவ்வொன்றும் 10 தடவை, நாளுக்கு 3 அல்லது 4 முறை. ட்ரெயின் இருக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். நீர் அதிகம் ஊறும். எடுத்த பின் சுவரைப் பார்த்து நின்று விரலால் நடந்து ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டால் அடுத்த வாரம் முன்னேற்றம் தெரியும். கதிர்வீச்சு தேவைப்படுபவர்களுக்கு இது இன்னும் அவசியம்: மெஷினில் கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும். தூக்க முடியாவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும். சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை நூல் இழுத்தது போல ஒரு கயிறு தடவித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் நீட்டல்களால் பெரும்பாலும் சரியாகும். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், ஈரத்துணி பிழிவது மட்டும் 6 வாரத்துக்கு வேறு யாராவது செய்யட்டும்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தீங்கு பத்தியம். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் சீழ் வைக்கும் என்று நிறுத்திவிட்டு ரசம் சாதம் கொடுப்பார்கள். காயம் ஆறப் புரதம்தான் செங்கல். சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு உடல் எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 60 கிலோ எடைக்கு 72 முதல் 90 கிராம் புரதம் தினமும் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் ஏறக்குறைய அதே அளவு, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு. சைவர்கள் இரண்டு வேளை சுண்டல், பயறு, பன்னீர், தயிர் என்று கூட்டிக்கொள்ளலாம். வலி மாத்திரையில் டிராமடால் இருந்தால் மலம் இறுகும். தண்ணீரும் பழமும் முதல் நாளிலிருந்தே.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஒரு காரியம் பாக்கி: தையல் டேப்பால் இரண்டு கையையும் அளந்து எழுதுவது. முழங்கைக்கு 10 செ.மீ. மேலே, 10 செ.மீ. கீழே, மணிக்கட்டு. நெறி எடுத்த கை மாதங்கள், வருடங்கள் கழித்தும் வீங்கலாம். தொடக்க அளவு இல்லாவிட்டால் எது வீக்கம், எது இயல்பு என்று சொல்ல முடியாது. அந்தக் கையில் ரத்த அழுத்தம், ஊசி வேண்டாம் என்று லேபில் சொல்லுங்கள். அவசரத்தில் ஒருமுறை குத்திவிட்டால் பதறவும் வேண்டாம். அதைவிட முக்கியம் சமையலறை. இட்லிப் பானை ஆவி, தாளிக்கும் எண்ணெய், அரிவாள்மணை, மீன் முள் எதிலாவது காயம் பட்டால் சோப்பால் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டர். வளையல் வழக்கத்தைவிட இறுகினால் டேப்பை எடுத்து அதே இடங்களில் அளந்து, இரண்டு செ.மீ. கூடியிருந்தால் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.